சிகரெட்டை விட்டதும் ஈறில் ரத்தம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஐந்தாம் மாதம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தாத்தா ஆகப்போகிறாய், இனியாவது கொஞ்சம் பொறுப்பாக நடந்துகொள். இங்கே எல்லோரும் சுகம். பல் கிளினிக்கை இப்போது என் பையன்தான் பார்த்துக்கொள்கிறான், நான் மாலையில் மட்டும் போய் உட்காருகிறேன். அப்பாவைவிடப் பையனுக்குக் கை மிருதுவாம், நோயாளிகள் என் காதுபடவே சொல்கிறார்கள்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். முப்பது வருஷம் புகைத்தபோது ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததில்லை, விட்ட பிறகு பல் துலக்கும்போதெல்லாம் வாஷ்பேசின் சிவக்கிறது, இதற்கு விடாமலே இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். நல்ல வக்கீல் வாதம்! நடந்தது என்ன தெரியுமா? புகை, ஈறில் ரத்தம் கசிவதை அமுக்கி வைக்கும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் மேலே ஈறு வெளிறிப்போய்ச் சாதுவாகத் தெரியும். அதனால்தான் புகைப்பவர்களில் பலர் ரத்தம் வருகிறது என்று எங்களிடம் வருவதே இல்லை. பல் ஆடத் தொடங்கிய பிறகு வருவார்கள். நீ புகையை நிறுத்தியதும் அந்த மூடி விலகிவிட்டது. வீக்கம் புதிதாக வரவில்லை, பழையது இப்போதுதான் கண்ணில் படுகிறது. தப்பித் தவறிக்கூட மறுபடி பற்றவைத்துவிடாதே.

எனக்குக் கோபம் வந்தது அடுத்த வரியில். ரத்தம் வருகிற கீழ் முன்பற்கள் பக்கம் பிரஷ்ஷே கொண்டுபோவதில்லையாம், புண் ஆறட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாயாம். நீ மட்டும் இல்லை, வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஈறில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணமே பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படிகிற கிருமிப் படலம்தான். அது அங்கேயே கிடந்தால் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும், அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், ஈறின் உள்பக்கத் தோல் மெலிந்து புண்ணாகும். அப்புறம் பிரஷ் நுனி பட்டாலே போதும். நீ துலக்காமல் விட விட, படலம் தடிக்கிறது, ரத்தமும் கூடுகிறது.

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸில் ஹரால்ட் லோ என்பவரும் அவர் குழுவும் இதைச் செய்தே காட்டினார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஈறோடு நிற்கும் வரை இது முழுக்கத் திரும்பக்கூடிய நோய். எலும்பைத் தொட்டுவிட்டால் போன எலும்பு தானாகத் திரும்பாது. மேலும் போகாமல் நிறுத்தி வைப்பதுதான் முக்கிய வேலையாகிவிடும்.

கண்ணாடி முன் நின்று கீழுதட்டை இழுத்துப் பார். நல்ல ஈறு பளபளக்காது. பல்லை ஒட்டி மெல்லியதாக முடியும், பலருக்கு ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடிப் புள்ளிகளும் தெரியும். வீங்கியது மினுமினுவென்று உருண்டிருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, நம் போன்ற பலருக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருக்கும். அப்படியே நாக்கால் அந்தப் பற்களின் பின்பக்கத்தைத் தடவு. சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது காரை. நாக்கின் அடியிலிருந்து வருகிற எச்சில் நேராக அங்கேதான் வடிகிறது. அதிலுள்ள கால்சியம் படலத்தில் ஏறிக் கல்லாகிவிடும். கல்லான பிறகு எந்த பிரஷ்ஷும் பேஸ்ட்டும் அதைப் பெயர்க்காது, பல் டாக்டர் கருவியால் சுரண்டி எடுக்கிற ஸ்கேலிங்தான் வழி. ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் கொடுக்கும் என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே, அவரைப் போன்றவர்களாலேயே எங்களுக்குத் தொழில் நடக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை தாங்கிப் பிடித்திருக்கும், எடுத்ததும் உள்ளதுதான் வெளியே தெரியும். சில நாள் பல் கூசும், அவ்வளவே.

துலக்குவதற்கு மென்மையான பிரஷ் வாங்கு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுக்கோட்டில் 45 டிகிரி சாய்த்து வை, பாதி இழை ஈறில் படவேண்டும். இரண்டு இரண்டு பல்லாக, இடத்தைவிட்டு நகராமல் சின்னச் சின்ன அசைவு போதும். கீழ் முன்பற்களின் பின்பக்கத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்திக்கொள். காலையும் இரவும் இரண்டு நிமிஷம். ரம்பம் அறுப்பது போல இழுத்தால் ஈறு இறங்கி வேர் தெரியும், கறை போகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பாய். பல்லிடுக்குக்கு பிரஷ் போகாது. உன் வயசுக்கு இடைவெளி இருக்கும், ஃப்ளாஸ் நூலைவிட இடுக்கில் விடுகிற குட்டி பிரஷ் லாயக்கு. முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், பயந்து நிறுத்தாதே.

வைட்டமின் சி மாத்திரை வாங்கி விழுங்குகிறாயாமே. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், வைட்டமின் சி குறைவால் ஈறில் ரத்தம் வருகிற ஸ்கர்வி நோய் கண்ட மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணப்படுத்தியது உண்மைதான் (அங்கேயும் சோதனையில் இருந்தது 12 பேர்தான், பார்! அதில் பழம் கிடைத்தது இரண்டு பேருக்கு). அவர்கள் மாதக்கணக்கில் பழமோ காயோ காணாதவர்கள். நீ மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவன். மாத்திரை படலத்தைத் துடைக்காது.

உன் மற்ற மாத்திரைகள்தான் எனக்கு முக்கியம். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறாய், அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ரத்த அழுத்தத்துக்குத் தருகிற அம்லோடிபின் சிலருக்கு ஈறையே தடிக்க வைக்கும். இரண்டையும் நீயாக நிறுத்திவிடாதே, பல் டாக்டரிடம் சொன்னால் போதும். சர்க்கரை பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. துலக்காதபோதே தானாக ரத்தம் கசிந்தாலோ, உடம்பில் காரணமில்லாமல் கன்றிய திட்டுகள் தெரிந்தாலோ, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தாலோ என் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போ. அது பல் சமாசாரம் இல்லை.

மகளுக்கும் லேசாக ரத்தம் வருகிறது என்றாயே, அது கர்ப்ப காலத்து ஹார்மோன் வேலை. அதே படலத்துக்கு ஈறு இரண்டு மடங்கு கோபித்துக்கொள்ளும். நன்றாகத் துலக்கச் சொல், இந்த நடு மாதங்களில் பல்லைச் சுத்தம் செய்துகொள்வதில் தப்பில்லை. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்த வாரமே பல் டாக்டரைப் போய்ப் பார். ஈறின் ஓரத்தில் மில்லிமீட்டர் கோடு போட்ட கம்பியை விட்டு அளப்பார். மூன்றுக்குள் இருந்தால் நல்லது, நான்கு ஐந்து என்று சொன்னால் எந்தெந்தப் பல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வா. அந்த எண்களோடு உன் மாத்திரைச் சீட்டையும் பிரதி எடுத்து அடுத்த கடிதத்தில் அனுப்பு.

அன்புடன்,
கோபால்