ஓலை வாசித்த பிறகு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது, சாமியார் பங்களா முழுக்க மணல். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். வள்ளங்கள் மட்டும் போய் வருகின்றன.

ஊருக்கும் எனக்கும் என்ன மனத்தாங்கல் என்று கேட்டிருந்தாய். திருவிழா வரி பாக்கி வைத்த வீட்டுக்குக் கல்யாண ஓலை, அதாவது பூசையில் சொல்லும் திருமண அறிவிப்பு, வாசிப்பதில்லை என்பது நான் குருவாக இருக்கும் இந்தப் பங்கில் வழக்கம். எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை. பாசி எடுக்கப் போகும் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் இல்லை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாறையில் பாசி பறிக்கிறவர். இரண்டு வருட வரி பாக்கி. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பெரியவர்கள், "முதலில் வரி, பிறகு ஓலை" என்றார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் நான் ஓலையை வாசித்தேன். கல்யாணம் என்ற திருவருட்சாதனத்துக்கும் வரிக்கும் இனி முடிச்சு கிடையாது என்றும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

மறுவாரம் பாடகர் குழு வரவில்லை. முன்வரிசை காலி. வழியில் எதிர்ப்பட்டு ஸ்தோத்திரம் சொல்பவர்கள் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார்கள். இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர் சொன்னதுதான் இன்னும் மனதில் நிற்கிறது: "சாமி, நீங்க மாறிப் போயிருவீங்க. கோயிலுக்கு ஓடு மாத்துறதும் விழா எடுக்குறதும் நாங்கதான். அந்தக் காசு எங்கருந்து வரும்?"

அவர் கேட்டது நியாயம், நண்பா. ஓலை வாசித்ததில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நாளைக்கே இன்னொரு வீடு வந்தாலும் வாசிப்பேன். ஆனால் முதல் நாள் ராத்திரி அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். ஊர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்தேன். அவர்கள் கோபத்தில் பாதி முடிவின் மீது, பாதி நான் அதைச் சொன்ன விதத்தின் மீது. எல்லாவற்றையும் நீதிக்காகப் பட்ட பாடு என்று எழுதிக்கொண்டால் அது பொய்க்கணக்கு.

போன வாரம் பஸ் மாறி ஓரியூர் போனேன். அந்தச் செம்மண்ணில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறவ இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்று போர்ச்சுகலிலிருந்து வந்த குரு அருளானந்தர் உறுதியாகச் சொன்னார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட்டதில் தொடங்கி, 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டதில் முடிந்தது. குருமடத்தில் இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்தப் பெண்ணைப் பற்றி நாம் ஒரு நாளாவது யோசித்தோமா? சரியான முடிவுதான், ஆனால் அதன் பாரம் அவள் மேலும் விழுந்தது. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவளுக்காக யார் ஜெபித்தார்கள்? அன்றைக்கு நான் ஜெபித்தேன்.

இங்கே என் முடிவின் பாரம் அந்தப் பாசி அம்மா மேல் விழுந்திருக்கிறது. "சாமியைக் கையில போட்டுக்கிட்டா" என்று பேச்சு. நேற்று அவர் முந்தானையில் முடிந்து இருநூறு ரூபாய் கொண்டுவந்தார். "வேண்டாம்மா" என்றேன். "ஓலைக்கு இல்ல சாமி, ஓலைதான் வாசிச்சாச்சே. இது என் கோயிலுக்கு. ரசீது போட்டுக் குடுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன்.

ரசீதுப் புத்தகம் அந்தப் பெரியவரிடம்தான் இருக்கிறது. இன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன். எனக்காக ஒரு ஜெபம் சொல். கல்யாணம் தடைக்காலம் முடிந்த பிறகுதான். தேதி எழுதுகிறேன், நீ கட்டாயம் வர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்