சம்மட்டியை வாங்கி வைத்த அண்ணனுக்கு

மதுரையில் தாத்தா கட்டிய வீட்டில், பாத்ரூம் டைல்ஸைப் பெயர்க்கத்தான் உளி வாங்கினேன். முதல் டைல் முழுசாகக் கழன்று வந்தபோது பிடித்த கிறுக்கு, நாலே நாளில் என்னைச் சம்மட்டியோடு கூடத்துச் சுவர் முன்னால் நிறுத்திவிட்டது. சமையலறையும் கூடமும் ஒன்றானால் எவ்வளவு வெளிச்சம்!

நாலைந்து அடி விழுந்திருக்கும். சைக்கிளில் போன நீங்கள் சத்தம் கேட்டு வாசலில் நின்று, "தம்பி, மேல என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?" என்றீர்கள்.

நிமிர்ந்தேன். மெட்ராஸ் டெரஸ். வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் பதித்த தளம். கட்டைகளின் நுனியெல்லாம் நான் இடிக்கும் சுவரின் தலையில்தான் உட்கார்ந்திருந்தன. டேப் கூடக் கேட்காமல், கதவோரம் சுவர் கனத்தில் கையை விரித்தீர்கள். ஒரு சாண். "9 இஞ்ச். பாரம் தாங்குற சுவர். நாலரை இஞ்ச் தடுப்புன்னா யோசிக்கலாம்."

அப்புறம் சம்மட்டியை வாங்கி ஓரமாகச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டில் கிடந்த சவுக்குக் கட்டைகளைக் கேட்டு வாங்கி முட்டுக் கொடுத்தீர்கள். காசு வாங்கவில்லை. டீ மட்டும், சர்க்கரை கம்மியாக. பதற்றத்தில் பெயர் கேட்க விட்டுப்போயிற்று.

பிறகு வந்த இன்ஜினியரும் அதையேதான் சொன்னார், பீஸ் வாங்கிக்கொண்டு.

ரொம்ப நன்றி அண்ணே. ஓட்டையைப் பூசியாயிற்று. மாடிப்படி ஓரம் இன்னொரு சுவர் இருக்கிறது. சாண் போட்டுப் பார்த்தேன், பாதிதான் வருகிறது. மேலேயும் பார்த்துவிட்டேன்.