முயலோடு ஒரு தாளும் கொடுங்கள்

சேலம் மாவட்ட மருந்தியல் கல்லூரிகளின் அனிமல் ஹவுஸ் (ஆய்வு விலங்குகளை வளர்க்கும் கூடம்) பொறுப்பாளர்களுக்கும் விலங்கு நெறிமுறைக் குழுவினருக்கும் வணக்கம்.

பரிசோதனை முடிந்த முயல்களைக் கொன்றுவிடாமல் வீடுகளுக்குத் தர முன்வந்தவர்களுக்கு முதலில் நன்றி. அப்படி வந்த இரண்டு பெண் முயல்கள் அழகாபுரத்தில் எங்கள் வீட்டில் வளர்கின்றன. நியூசிலாந்து வெள்ளை இனம். வாங்கும்போது கையெழுத்துப் போட நாலைந்து தாள் நீட்டினார்கள். முயலைப் பற்றிய தாள்தான் ஒன்றுகூட இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் தீனி. பிறந்ததிலிருந்து ஒரே வகை பெல்லட்டை (அரைத்து இறுக்கிய தீனி) தின்று வளர்ந்த உயிர் அது. வந்த அன்றே பாசத்தில் ஆளாளுக்கு கேரட்டும் முட்டைக்கோசும் நீட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. குடல் அசைவு நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து; அரை நாள் தீனி தொடாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே டாக்டரிடம் ஓட வேண்டும். ஆகவே என்ன பெல்லட், எத்தனை கிராம், எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். பத்து நாளுக்கு வேண்டியதைப் பையில் போட்டும் கொடுத்துவிடுங்கள். காய்ந்த புல், அருகம்புல் என்று மெல்ல மெல்ல நாங்கள் மாற்றிக்கொள்வோம். தண்ணீரை எதில் குடித்துப் பழகியது என்பதையும் சேருங்கள். எங்கள் முயல்கள் கிண்ணத்தைச் சீந்தவே இல்லை. கூண்டுக் கம்பியையே நக்கிக்கொண்டிருந்தன. குழாய் வைத்த பாட்டிலை மாட்டிய பிறகுதான் குடித்தன.

அப்புறம், உடம்பில் என்ன நடந்தது என்பது. இரண்டின் முதுகிலும் திட்டுத் திட்டாக மஞ்சள் கறை. தோல் நோயோ என்று பயந்தோம். அடையாளத்துக்குப் பூசிய பிக்ரிக் அமிலமாம். காதில் கை பட்டால் உடம்பே விறைத்துப்போகிறது. காதோரத்து ரத்தக் குழாயில்தானே ஊசி போடுவீர்கள்! உங்கள் ஆய்வு ரகசியம் எங்களுக்கு வேண்டாம். கடைசியாக என்ன மருந்து, எப்போது, எங்கே தொட்டால் மிரளும், இவ்வளவு போதும். வைத்தியம் பார்க்கும் டாக்டரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

தாளோடு விஷயம் முடிந்துவிடாது. ஏசி, 12 மணி நேர விளக்கு, சத்தமில்லாத அறை என்று இருந்துவிட்டு, குக்கர் விசிலும் மிக்சியும் அலறும் வீட்டுக்கு வருகிறது. மிரண்டு துள்ளி உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அறையில் ஒரு ரேடியோ பாடட்டுமே. தினமும் தீனி வைக்கும் அண்ணன் அவற்றை இறக்கி, சாக்கு விரித்த தரையில் கொஞ்ச நேரம் நடக்க விடட்டும். டைல்ஸ் தரை அவற்றுக்குப் பனிச்சறுக்கு மைதானம் மாதிரி. சேர்ந்து வளர்ந்தவற்றைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்காதீர்கள்.

சித்திரை, வைகாசியில் கொடுக்கவே வேண்டாம். முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். சேலத்து வெயில் 40-ஐத் தொடுவது உங்களுக்கும் தெரியும்.

வாங்க வருகிறவரையும் நாலு கேள்வி கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் முதல் நாளே "எத்தனை கிலோ வரும்?" என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனாலும் மருந்து ஏறிய முயல் யார் சட்டிக்கும் போகக்கூடாது. அதை எழுதி வாங்குங்கள். இன்னொன்று, "ஏற்காட்டில் புல் நிறைய இருக்கு, மலையில் விட்டுடலாம்" என்று நினைப்பவர்களும் உண்டு. சேர்வராயன் மலையில் திரியும் காட்டு முயல் வேறு இனம். கூண்டில் பிறந்த வெள்ளை முயலுக்கு மறைந்துகொள்ளவும் தெரியாது, மறைக்க நிறமும் கிடையாது. நாய்க்கோ கீரிக்கோ ஒரு ராத்திரி போதும்.

பெல்லட்டுக்கும் ஆள் நேரத்துக்கும் காசு எங்கே என்பீர்கள். விலங்குப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தும் மத்தியக் குழுவின் வழிகாட்டுதல், பரிசோதனைக்குப் பிந்தைய பராமரிப்பையும் ஆய்வுச் செலவில்தான் சேர்க்கச் சொல்கிறது. அடுத்த ஆய்வுக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்திலேயே நெறிமுறைக் குழு இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கலாம்.

தாளின் கடைசியில் அனிமல் ஹவுஸ் போன் நம்பர் ஒன்றும் இருக்கட்டும். முதல் வாரம் கொஞ்சம் தொந்தரவு செய்வோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அழகாபுரத்து முயல் வீட்டுக்காரி