மாத்திரையைக் குடிக்கும் மொழி

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பணிப்பெண் பிலிப்பீன்ஸ்காரர். காலையில் என் ரத்த அழுத்த மாத்திரையை நீட்டி, 'டேக்' என்பார். அவர்கள் மொழியான தகாலோக்கில் எப்படி என்று கேட்டேன். 'உமினோம்', அதாவது குடிப்பது. மாத்திரையானாலும் குடிப்பதுதானாம்! நாம் சாப்பிடுகிறோம். பஸ்ஸுக்கு 'சுமக்காய்', ஏறிப் போவது. குளிக்க 'மலீகோ'. பொருளை எடுக்க 'குமூஹா', பரீட்சைக்கும் அதுவே. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே 'டேக்'.

தமிழிலும் தனித்தனிச் சொல் உண்டு. ஆனால் என் பேரன், "தாத்தா, பஸ் எடுத்து வாங்க" என்கிறான். எடுத்தால் டிரைவர் சும்மா விடுவாரா?

அப்புறம், அவர்கள் மொழியில் மரியாதைக்குச் சேர்க்கும் சொல் 'போ'. முதல் வாரம் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஒரு தாத்தா,
ஈசூன், சிங்கப்பூர்