செயின் பறிப்பவனைச் சுடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ராத்திரி கல்லாப் பணத்தோடு வீடு திரும்பும் வியாபாரிகளுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவான எம்.சி. ரோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கேட்பதில் தவறில்லை. ஆனால் செயினைப் பறித்துக்கொண்டு பைக்கில் ஓடுகிறவனைச் சுட்டுப் பிடிக்கலாம் என்று அவர் சேர்த்திருப்பதை யாராவது நம்பித் தொலைக்கப் போகிறார்கள்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவில் பறிப்பு என்பது திருட்டில் ஒரு வகை. பொருளைக் காக்க உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம் என்று 41ஆம் பிரிவு சொல்வது அடித்தோ மிரட்டியோ பறிக்கும் கொள்ளை, பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, தடுக்காவிட்டால் உயிர்போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று அஞ்ச நியாயமான காரணமுள்ள திருட்டு போன்றவற்றுக்கு மட்டுமே. கத்தியைக் கழுத்தில் வைத்தவன் வேறு, முதுகைக் காட்டி ஓடுகிறவன் வேறு. கோர்ட்டில் இது தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பும் சுட்டவர் தலையில்தான் விழும். போலீசைக் கூப்பிட நேரம் இருந்தது என்று தெரிந்தால் 37ஆம் பிரிவின்படி அந்த உரிமையே கிடையாது.

லைசென்ஸுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சென்னை மாநகரில் வழங்குபவர் போலீஸ் கமிஷனர். செங்குன்றம் பக்கம் இருப்பவர்கள் ஆவடி கமிஷனரேட்டுக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தோடு துப்பாக்கிப் பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் தேவை. பிறகு ஸ்டேஷன் விசாரணை. 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். 9 எம்.எம். பிஸ்டல் பொதுமக்களுக்குக் கிடையாது, பெரும்பாலோர் வாங்குவது .32 அளவுத் தோட்டா போடும் ரிவால்வர் அல்லது பிஸ்டல்.

மறைத்து எடுத்துப்போவது நம் இஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டரிலோ அதுபோன்ற உறையிலோ முழுக்க மூடியபடிதான் இருக்க வேண்டும். எடுத்து ஆட்டிக் காட்டுவதே குற்றம். உறை ட்ரிகரை, அதாவது சுடும் விசையை, முழுவதும் மூட வேண்டும். சாவி, சில்லறையோடு கைப்பையில் போட்டால் ஏதாவது ஒன்று ட்ரிகரில் மாட்டும். திரும்ப உறையில் சொருகும்போது சட்டை நுனி உள்ளே சிக்கி வெடிப்பதும் உண்டு. அதனால் சட்டையை விலக்கி, விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி வைத்து, பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொருக வேண்டும். வேட்டி மடிப்பில் செருகுவதைப் பற்றி என்ன சொல்ல!

வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை இறக்கும்போதும் விபத்து நேரும். பிஸ்டலில் முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றுங்கள், அப்புறம் மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால் சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையில், இருந்த தோட்டா வெளியே வரும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். பின்னால் மேகசினைக் கழற்றியவர் காலி என்று நினைத்து ட்ரிகரை இழுப்பார். ஸ்லைடைத் திறந்து பிடித்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவுங்கள். ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்து எல்லா அறையையும் பார்க்க வேண்டும். பிறகு துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தால் அது முதலில் பிள்ளைகள் கண்ணில்தான் படும்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தோல் உறை வியர்வையையும் உப்புக் காற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதிலேயே விட்டால் துரு ஏறும். உறையிலிருந்து எடுத்து, துடைத்து, லேசாக எண்ணெய் பூசி வையுங்கள். தோட்டாவின் மேல் எண்ணெய் படக் கூடாது. உள்ளே கசிந்தால் நேரத்துக்கு வெடிக்காமல் போகலாம்.

எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் குறி தவறிய தோட்டா யாரையாவது பிடிக்காமல் போகாது. அடுத்தவருக்கு ஆபத்து வரும் இடத்திலும் சுடலாம் என்று 44ஆம் பிரிவு இடம் கொடுப்பது, நம் உயிர் போகும் நிலை வந்து வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை