மகளுக்கு, கிரைண்டர் வாங்கும் முன்

டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று எந்திரங்களின் படங்களையும் அவற்றின் விலைகளையும் பார்த்தேன். கத்தி செய்ய எந்த பெல்ட் கிரைண்டரை, அதாவது உப்புத்தாள் போன்ற பட்டை ஓடி எஃகை அரைக்கும் எந்திரத்தை, வாங்கலாம் என்ற உன் கேள்விக்குத் தொலைபேசியில் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எந்திரங்களைப் பற்றி இவ்வளவு எழுதிய நீ, உன்னைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். நான்காவதாக அனுப்பிய கராஜின் படத்தை உன் அம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த அறையில் சன்னலே இல்லையே என்றாள். எனக்கும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் படத்திலிருக்கும் சிறிய எந்திரம் வேண்டாம். 1 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் உள்ள பெல்ட், முடிந்த கத்தியைத் தீட்டப் போதுமே தவிர, எஃகுப் பட்டையிலிருந்து ஒரு கத்தியை உருவாக்கப் போதாது. கொஞ்சம் அழுத்தினாலே அந்த மோட்டார் தள்ளாடும். குட்டையான பெல்ட் ஆற நேரமில்லாமல் மீண்டும் மீண்டும் எஃகைத் தொடுவதால் விரைவில் சூடேறி மழுங்கும். 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள பெல்ட் ஓடும் எந்திரத்தையே வாங்கு. கத்தி செய்பவர்கள் பெரும்பாலும் அந்த அளவையே பயன்படுத்துவதால், செராமிக், சிர்கோனியா, அலுமினியம் ஆக்சைடு என்று எந்த வகை அரைக்கும் துகள் ஒட்டிய பெல்ட்டும், சொரசொரப்பான 36 கிரிட்டிலிருந்து மெருகேற்றும் மென்மையான பெல்ட் வரை, அதில்தான் தாராளமாகக் கிடைக்கும்.

அப்படியானால் இரண்டாவதா, மூன்றாவதா என்பதுதான் உண்மையான கேள்வி. இரண்டாவது எந்திரத்தின் வேகத்தை மாற்ற முடியாது. நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மில்லிமீட்டர் சக்கரத்தைப் பூட்டினால், பெல்ட் வினாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வேகத்தில் ஓடும். செராமிக் பெல்ட்டால் முரட்டுத்தனமாக எஃகை அரைத்தெடுக்க அது நல்ல வேகம். ஆனால் கடினப்படுத்திய கத்தியை அதே வேகத்தில் பிடித்தால் மெல்லிய விளிம்பு நொடியில் நீலம் பாரித்துவிடும். அந்த நிறம் வந்த இடத்தில் வெப்பம் 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள். நீ 200 டிகிரியில் பதப்படுத்திய எஃகின் கடினம் அங்கே போய்விட்டது. கைப்பிடி மரமும் கருகும். ஆகவே, விலை கூடுதலானாலும், மூன்று ஃபேஸ் மோட்டாரும் வேகத்தை மாற்றும் டிரைவ் என்ற மின்னணுக் கருவியும் உள்ள மூன்றாவது எந்திரமே உனக்கு ஏற்றது. அதோடு விற்கும் கான்டாக்ட் வீல்களையும் சிறு உருளைகளையும் இப்போது வாங்காதே. பெல்ட்டைப் பின்னாலிருந்து தாங்கும் தட்டையான பிளாட்டனும், கத்தியை வைத்துப் பிடிக்க உறுதியான ரெஸ்டும் போதும். மிச்சப்படும் பணம் எதற்கு என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் மோட்டாரின் பெயர்ப் பலகையைப் படி. 230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார் என்று இருக்க வேண்டும்; அதாவது மோட்டாரின் சுருள்களை டெல்டா முறையில் இணைத்தால் 230 வோல்ட், ஸ்டார் முறையில் இணைத்தால் 400 வோல்ட். வீட்டின் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தை டிரைவ் மூன்று ஃபேஸாக மாற்றினாலும் வோல்ட்டை உயர்த்தாது. அதனால் மோட்டாரை டெல்டாவில்தான் இணைக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் மலிவாக வரும் பழைய மோட்டார்களில் சுரங்கங்களுக்கென்று செய்த 525 வோல்ட் மோட்டார்களும் இருக்கும். அவை உனக்கு உதவாது. மோட்டார் முழுவதும் மூடியதாக இருக்கட்டும், ஏனென்றால் எஃகுத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். டிரைவையும் தூசி புகாத பெட்டிக்குள் வை.

திறன் 1.5 கிலோவாட் இருக்கட்டும். நீ இருக்கும் ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்துவிடுவதால் மோட்டாரும் டிரைவும் இங்கே ஆறுவதுபோல அங்கே ஆறுவதில்லை, அதனால் பலகையில் எழுதிய திறன் முழுவதையும் எதிர்பார்க்க முடியாது. அதற்காக 2.2 கிலோவாட்டுக்குப் போய்விடாதே. அந்த டிரைவ் இழுக்கும் மின்சாரம் வீட்டின் 16 ஆம்பியர் பிளக்கில் அடங்காது. டிரைவ் ஓடும்போது வீட்டின் மின் பலகையான டிபி போர்டில், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் சில சமயம் காரணமின்றி விழும். யாராவது அதைக் கழற்றிவிடலாம் என்று சொன்னால் கேட்காதே, உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கூப்பிடு. மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் வரும்போது எந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. அதை நீயே சோதித்துப் பார்.

நாள் முழுவதும் ஓட்டினால் மோட்டார் தாங்குமா என்று கேட்டிருந்தாய். பலகையில் எஸ்1, அதாவது தொடர்ந்து ஓடும் வகை, என்றிருந்தால் தாங்கும். குறைந்த நேரம் மட்டும் ஓடும் வகையான எஸ்2 என்று எழுதி நிமிடக் கணக்குப் போட்டிருந்தால், அந்த நிமிடங்களுக்குப் பிறகு ஆற விட வேண்டும். மிகக் குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதே. மோட்டாரின் விசிறியும் அதே அச்சில் இருப்பதால் அதுவும் மெதுவாகிவிடும். சனி, ஞாயிறு மட்டும் செய்கிற வேலைக்கு இந்தக் கேள்வி எழாது, அம்மா. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனால் நாள் முழுவதும் என்று நீ எழுதியதால்தான் இதை எழுதுகிறேன். எந்திரம் தாங்குமா என்று கேட்டாய். நீ தாங்குவாயா என்று கேட்கவில்லை. சென்ற வாரம் பேசும்போது இடையிடையே இருமினாய், ஊர்க் குளிர் என்றாய். குளிராகவே இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் இருக்கிறது, பலவற்றில் நிக்கலும் இருக்கிறது. கைப்பிடிக்குப் போடும் கண்ணாடி இழைத் தகடும் சிப்பி ஓடும் அரைபடும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. முதலில் நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி3 வடிகட்டி போட்ட அரை முகமூடியை வாங்கு, பிறகு எந்திரத்தை வாங்கு. எந்திரத்தை நிறுத்திய பிறகும் மிக நுண்ணிய தூசி காற்றிலேயே நிற்கும், அதனால் உடனே முகமூடியைக் கழற்றாதே. கராஜுக்குள் அதைத் தொங்கவிடாதே. சுவரில் தூசியை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று வேண்டும். பெல்ட்டுக்குக் கீழே தண்ணீர் வாளி வை, தீப்பொறி அதில் விழட்டும். மரத்தூள் இருக்கும் வேக்கியூமில் எஃகுப் பொறியைப் போகவிட்டால் தீப்பிடிக்கும். அலுமினியத் தூளும் எஃகுப் பொறியும் ஓரிடத்தில் சேரவே கூடாது. மிச்சப்பட்ட பணம் இதற்குத்தான். முகமூடி முதலில்.

நீ செய்து அனுப்பிய காய்கறிக் கத்தியை உன் அம்மா வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. அதன் சரிவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் அப்படி அரைக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். உன் அண்ணனிடமும் சொன்னேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

அந்தக் கையைக் காப்பாற்றிக்கொள். பெல்ட்டின் அருகே கையுறை போடாதே; வெறும் விரல்தான் சூட்டை உடனே உணர்த்தும், சூடேறினால் கத்தியைத் தண்ணீரில் தோய். ரெஸ்டுக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பின்னலை உயர்த்திக் கட்டித் துணிக்குள் செருகு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். பெரியப்பாவின் இடது கையை நீ மறந்திருக்க மாட்டாய். மழுங்கிய பெல்ட்டைச் சிக்கனமென்று வைத்துக்கொண்டு அழுத்தாதே. அது அரைக்காது, சூடேற்றும், கையும் வழுக்கும். எந்திரத்தின் விலை ஒருமுறை, பெல்ட்டின் விலை மாதந்தோறும் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள். அந்தக் கணக்கில் ஏதாவது குறைந்தால் எங்களிடம் சொல். வாடகையிலோ சாப்பாட்டிலோ குறைக்காதே.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு இசிப்பிங்கோ கோயிலுக்கு நீ வருவாய் என்று உன் அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறாள். திரும்பும்போது நானும் உன்னோடு காரில் வந்து, எந்திரத்தை மேசையில் இறுக்கி, பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் பெயர்ப் பலகையின் படத்தை அனுப்பு. விசிறிக்குச் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் கேட்டாயா என்பதையும் எழுது. முகமூடி வாங்கியதும் அதையும் எழுது. பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை உன்னை அழைக்கிறேன். அலுவலகத்தில் இருப்பாய் என்றால் மாலையில் அழைக்கிறேன், வீட்டில் இருப்பாய் என்றால் காலையிலேயே அழைக்கிறேன். எது வசதி என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா