படிவத்தை வாசித்துக் காட்டிய அக்காவுக்கு

பேச்சு வரத் தாமதமான என் மூன்று வயது மகனைக் குழந்தை வளர்ச்சி குறித்த ஆய்வொன்றில் சேர்ப்பதற்காக அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்த அன்று, ஒப்புதல் படிவத்தோடு திகைத்து நின்ற என்னை அருகில் அமர்த்தி, வரி வரியாக வாசித்து விளக்கிய அக்காவுக்கு என் மனமார்ந்த நன்றி. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே விலகலாம், விலகினாலும் பிள்ளைக்குரிய சிகிச்சை குறையாது என்று நீங்கள் சொன்ன பிறகே கையெழுத்திடத் துணிந்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருப்பதையும் உங்களிடமே அறிந்தேன். அதுவரை, வளர வளரப் பேசிவிடுவான் என்ற ஊராரின் ஆறுதலையே நம்பியிருந்தேன். உங்கள் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். என் மகன் இப்போது பட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கிறான், அக்கா.